நற்செயலும் இறையருளின் விளைவே என்றால், அதில் என் பங்கு என்ன?

திண்ணைவாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்குக் கோவிலில் எட்டுப் பேர் சேர்ந்து, கடந்த தவக்காலத்திலிருந்து, நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வட ஆப்பிரிக்க ஆயர் புனித அகுஸ்தீன் தம் வாழ்வைப் பற்றி எழுதிய ‘வாக்குமூலங்கள்’ நூலை வாரம் ஒருமுறை கூடி வாசித்து வருகிறோம். சிறுவயதில் பேரிக்காய் திருடிய கதையும், மிலான் நகரத் தோட்டத்தில் அவர் மனம் மாறிய இடமும் எல்லாருக்கும் பிடித்துப்போயின. ஆனால் பத்தாம் பகுதிக்கு வந்த பின், ஒரே ஒரு வாக்கியத்தால் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. “நீர் கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலையும் நீரே தாரும், பிறகு நீர் விரும்பியதைக் கட்டளையிடும்” என்ற பொருளில், இறைவனிடம் அவர் திரும்பத் திரும்ப வேண்டுகிறாரே, அந்த வாக்கியம்தான்.

குழுவில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இதை ஏற்றுக்கொண்டால் ஒழுக்கம் என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போகும் என்கிறார். நல்லது செய்தால் அது இறைவன் கொடுத்தது. செய்யாவிட்டால் அவர் கொடுக்கவில்லை. அப்படியானால் யாரைப் புகழ்வது, யாரைக் கண்டிப்பது என்பது அவருடைய வாதம். மற்றவர்களோ, எல்லாம் அவன் செயல் என்று நாம் அன்றாடம் சொல்வதைத்தானே அகுஸ்தீனும் சொல்கிறார், இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்கிறார்கள்.

என் கேள்வி சற்றுச் சொந்தமானது. என் மாமியார் படுக்கையில் கிடந்த ஆறு ஆண்டுகள் அவரை நான்தான் கவனித்துக்கொண்டேன். ஊரில் பலர் என்னைப் புண்ணியவதி என்கிறார்கள். உண்மையில் பல நாள்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். செய்யாமல் விட்டால் உறவினர்கள் என்ன பேசுவார்கள் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. அகுஸ்தீனின் கணக்கில் அந்த ஆறு ஆண்டுகள் என்னுடையவையா, இறைவனுடையவையா, அல்லது நன்மை என்றே எண்ணத் தகாதவையா? தொடக்கக்காலத் திருச்சபையில் நல்வாழ்வு என்று எதைக் குறித்தார்கள் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஏடு எழுதியது:

அம்மா, உங்கள் ஆசிரியர் நண்பருடைய கேள்வியை ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன்பே துறவிகள் சிலர் அகுஸ்தீனிடம் நேரடியாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன். இன்றைய துனிசியாவில் சூஸ் என்று வழங்கும் கடற்கரை நகரத்துக்கு அன்று ஹத்ருமேத்தும் என்று பெயர். அங்கிருந்த மடத்தைச் சேர்ந்த ஃபுளோருஸ் என்ற துறவி, வெளியூர் சென்றிருந்தபோது, அகுஸ்தீன் உரோமைக் குரு ஒருவருக்கு அருளைப் பற்றி எழுதியிருந்த நீண்ட கடிதத்தைப் படியெடுத்து மடத்துக்கு அனுப்பினார். மடத்தில் பெரும் குழப்பம் உண்டாயிற்று. எல்லாம் அருளே என்றால் மனச்சுதந்திரம் எங்கே என்று ஒரு சாரார் கேட்டனர். அவர்களில் இருவர் அகுஸ்தீன் ஆயராக இருந்த ஹிப்போ நகருக்கே பயணம் செய்து அகுஸ்தீனிடம் முறையிட, அவர் 426 அல்லது 427இல், அருளையும் மனச்சுதந்திரத்தையும் பற்றி ஒரு நூல் எழுதி அவர்களிடம் கொடுத்தனுப்பினார். அதைப் படித்த பிறகும் மடத்தில் ஒருவர் விடவில்லை. அப்படியானால் நான் தவறு செய்யும்போது மடத்தலைவர் என்னைக் கண்டிக்கக் கூடாது, எனக்காக மன்றாடினால் போதும் என்றார். எனக்கு அந்தப் பெயர் தெரியாத துறவியை மிகவும் பிடிக்கும். இப்படி ஒரு சாக்கு எல்லா மடத்திலும், எல்லா அலுவலகத்திலும் ஒருவருக்காவது தோன்றியே தீரும்.

அகுஸ்தீன் இதற்கும் ஒரு நூல் எழுதினார். கண்டிப்பே அருளின் கருவியாகலாம் என்பது அவர் மறுமொழி. கண்டிக்கப்பட்டவனுக்கு உண்டாகும் நோவிலிருந்து திருந்தும் விருப்பம் பிறக்கலாம்; அந்த விருப்பத்தைப் பிறப்பிப்பவர் இறைவன்; ஆயினும் கண்டிப்பு மனிதர் வாய் வழியாகத்தான் வர வேண்டும். முந்தைய நூலில் அவர் எழுதிய ஒரு வாக்கியத்தை உங்கள் குழுவில் படித்துக்காட்டுங்கள்: நாம் விரும்பும்போது விரும்புகிறவர்கள் நாமே என்பது உறுதி, ஆனால் நல்லதை நாம் விரும்பும்படி செய்பவர் அவர். இதில் இறைவனுக்கு இவ்வளவு, மனிதனுக்கு இவ்வளவு என்ற பங்குபிரிப்பே இல்லை. ஒரே செயல் முழுவதும் நம்முடையது, முழுவதும் கொடுக்கப்பட்டது. இந்த இடத்தைக் கவனிக்காமல், பாகப்பிரிவினைப் பத்திரம் போல இருவருக்கும் எல்லை போடப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன்.

இனி, உங்கள் குழுவைப் பிரித்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியத் தீவிலிருந்து வந்து உரோமையில் வாழ்ந்த பெலாஜியுஸ் முன்னிலையில் ஓர் ஆயர் அதை வாசித்துக்காட்டியபோது, அவர் பொறுக்க மாட்டாமல் ஏறக்குறைய சண்டைக்கே போய்விட்டார் என்று அகுஸ்தீனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பெலாஜியுஸ் குரு அல்லர். கடுந்தவ வாழ்க்கை வாழ்ந்த பொதுநிலையினர். அக்காலத்தில் கிறித்தவம் பேரரசின் ஆதரவு பெற்ற சமயமாகி, திருமுழுக்குப் பெற்றும் பழைய சொகுசு வாழ்வை விடாத செல்வக் குடும்பங்கள் உரோமையில் மலிந்திருந்தன. நாங்கள் மனிதர்தாமே, முடியவில்லை என்று சாக்குச் சொல்லும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில், கட்டளையைச் செய்ய இறைவனே ஆற்றல் தர வேண்டும் என்ற மன்றாட்டு அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

நெய்தல் எழுதியது:

பழைய ஏடு அவர்கள் பெலாஜியுஸுக்கு ஓரளவு நியாயம் செய்திருக்கிறார். ஆனால் தோற்றவர் தரப்பை அவருடைய சொற்களிலேயே கேட்பது முறை என்பதால் இதை எழுதுகிறேன்.

410இல் கோத்தியரின் தலைவன் அலாரிக் உரோமையைச் சூறையாடியபோது ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்த பெருங்குடும்பங்களுள் ஒன்றில், தெமேத்ரியாஸ் என்ற இளம்பெண் திருமணத்தை மறுத்துக் கன்னியாக வாழ முடிவெடுத்தார். அவருக்கு அறிவுரை கூறி எழுதும்படி குடும்பத்தார் பல அறிஞர்களை வேண்டினர். 413 அளவில் பெலாஜியுஸ் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம், மனித இயல்பின் வலிமையை முதலில் எடுத்துக்காட்டுவதே தம் வழக்கம் என்று அதில் தொடங்குகிறார். இயலாது என்று நினைப்பவன் எந்தப் பாதையிலும் கால் வைக்க மாட்டான் என்பதே காரணம். இறைவனை அறியாத மெய்யியலாளரிடமும் கற்பும் அடக்கமும் காணப்படுவதைச் சான்றாகக் காட்டுகிறார். கடினம், கடினம் என்று நாம் புலம்புவது, நம்மைப் படைத்தவருக்கே நம் வலிமையின் அளவு தெரியவில்லை என்று குற்றம்சாட்டுவதற்கு ஒப்பாகும் என்கிறார். இதில் எந்த வரியை ஓர் ஆசிரியரால் மறுக்க முடியும்? தீமை நமக்கு எளிதாக வருவதற்கு நீண்ட காலப் பழக்கமே காரணம் என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். ஆகையால் மனிதர்களைப் பற்றி ஒன்றும் அறியாத வெகுளி என்று அவரைத் தள்ளிவிட முடியாது.

அருளை அவர் மறுத்தார் என்பதும் முழு உண்மையன்று. செய்யும் ஆற்றல், செய்ய விரும்புதல், செய்தல் என மூன்றாகப் பிரித்து, முதலாவதை இறைவனின் கொடையாகவும் மற்ற இரண்டை நம் பொறுப்பாகவும் வைத்தார். பாவமன்னிப்பும், திருச்சட்டமும், கிறிஸ்துவின் முன்மாதிரியும் அவருக்கு அருள்தான். 415இல் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலிஸ் நகரில் கூடிய ஆயர்கள் அவரை விசாரித்துக் குற்றமற்றவர் என்றே விடுவித்தனர். 418இல் பேரரசர் ஒனோரியுஸின் ஆணையும், வட ஆப்பிரிக்க ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் பேரவையின் தீர்ப்பும் அவருக்கு எதிராக அடுத்தடுத்த நாள்களில் வந்தன. அதுவரை தயங்கிய திருத்தந்தை சோசிமுஸும் அவ்வாண்டே கண்டனத்தில் சேர்ந்துகொண்டார். அரசாணை முந்திக்கொண்ட விவாதத்தில் வென்றவர் கருத்தால் மட்டுமே வென்றார் என்று நம்ப எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. (அவரைப் பிடிக்காத, விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், கஞ்சி குடித்துப் பருத்தவர் என்று ஏளனம் செய்தது பெலாஜியுஸைத்தான் என்பார்கள். திருச்சபைத் தந்தையர் சண்டையில் எல்லா வாதமும் உயர்ந்த தரத்தில் இருந்ததில்லை.)

அகுஸ்தீனின் கோட்பாட்டுக்கு நாம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் பச்சைக் குழந்தைக்கும், மிக மென்மையானதே ஆயினும், தண்டனை உண்டு என்று அவர் எழுதினார். ஆதாமில் எல்லாரும் பாவம் செய்தனர் என்பதற்கு அவர் சான்றாகக் கொண்ட உரோமையர் 5:12இன் இலத்தீன் வாசகம் ‘அவனுக்குள்’ என்று பொருள்படும். கிரேக்க மூலத்தையோ ‘எல்லாரும் பாவம் செய்ததனால்’ என்று படிப்பதே இயல்பு. எனக்குப் பெலாஜியுஸின் கண்டிப்பான இறைவனைப் புரிகிறது. தொட்டிலைத் தண்டிக்கும் இறைவனைப் புரியவில்லை.

மழைமறைவு எழுதியது:

இருவரும் ஆப்பிரிக்காவுக்கும் உரோமைக்கும் நடுவிலேயே நிற்பதால், அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரலைச் சேர்க்கிறேன். எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் பல ஆண்டுகள் பயின்று, பிறகு இன்றைய பிரான்சின் மார்செய் நகரில் மடங்கள் நிறுவிய யோவான் காசியன் இதே கேள்வியை உழவனை வைத்து விளக்குகிறார். உழவன் பாடுபட்டு உழுகிறான், விதைக்கிறான். மழை பெய்யாவிட்டால் ஒன்றும் விளையாது. அதற்காக உழாத நிலத்தில் மழை பெய்தும் பயனில்லை. உழைப்பவன் உழைப்பை நிறுத்தவும் முடியாது, விளைச்சலைத் தன் உழைப்பின் கணக்கில் எழுதிக்கொள்ளவும் முடியாது. ஏரிப்பாசனமும் இல்லாத மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

காசியன் இதோடு நிற்கவில்லை. சில நேரங்களில் நம் நல்ல விருப்பம் முளைவிடுவதை இறைவன் காத்திருந்து தாங்குகிறார், சில நேரங்களில் நாம் கேளாமலே முந்திக்கொள்கிறார் என்கிறார். இயேசுவைக் காண மரத்தில் ஏறிக் காத்திருந்த சக்கேயு முதல் வகை. கிறிஸ்தவர்களை ஒடுக்கப் போன வழியில் தடுத்தாட்கொள்ளப்பட்ட பவுல் இரண்டாம் வகை. ஒரே விதியில் எல்லா மனிதரையும் அடைக்க அவர் மறுத்தார். 529இல் ஒராஞ்சு நகரில் கூடிய ஆயர்கள் இந்த இடத்தில் அகுஸ்தீன் பக்கம் நின்று, நம்பிக்கையின் முதல் விருப்பமும் அருளால்தான் தொடங்குகிறது என்று தீர்த்தனர். அதே மூச்சில், இறைவன் எவரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்ற கருத்தையும் வன்மையாகத் தள்ளினர். நெய்தல் அவர்களின் கவலையில் ஒரு பகுதிக்காவது அதில் மறுமொழி உண்டு. கிழக்குத் திருச்சபையில் காசியன் இன்றும் புனிதராகவே போற்றப்படுகிறார்.

திண்ணைவாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஹத்ருமேத்தும் துறவியின் கதையைக் குழுவில் படித்தபோது ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் தம் நிலையிலிருந்து இறங்கி வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததைப் பற்றிய என் கேள்வியை மட்டும் எல்லாரும் மரியாதையின் காரணமாகவோ என்னவோ தாண்டிச் சென்றுவிட்டீர்கள்.

பழைய ஏடு எழுதியது:

தாண்டிச் சென்றது உண்மைதான், மன்னிக்க வேண்டும். ஆனால் இந்த முழு விவாதமும் உங்கள் பல்லைக் கடித்தலில்தான் அடங்கியிருக்கிறது.

நெய்தல் குறிப்பிட்ட அதே கடிதத்தில் பெலாஜியுஸ் தெமேத்ரியாஸிடம் இப்படிச் சொல்கிறார்: குடிப்பிறப்பும் செல்வமும் உன் வீட்டார் தந்தவை, ஆன்மாவின் செல்வங்களை உன்னைத் தவிர வேறு எவரும் உனக்குத் தர முடியாது, அவை உன்னிடமிருந்தே வர வேண்டும், உன்னிடத்தில்தான் இருக்க முடியும். சில ஆண்டுகளுக்குப் பின் அகுஸ்தீன் அந்தப் பெண்ணின் தாய்க்கு எழுதிய கடிதத்தில் இந்த வரியைப் பிரித்துக்காட்டுகிறார். ‘உன்னிடத்தில்’ என்றது நல்ல உணவு, ‘உன்னிடமிருந்து’ என்றது நஞ்சு என்கிறார். நம் இலக்கணத்தில் சொன்னால், முழுச் சண்டையும் ஏழாம் வேற்றுமைக்கும் ஐந்தாம் வேற்றுமைக்கும் இடையில் நடக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ‘இல்’ என்ற உருபு பொதுவாக இருப்பது நம் பள்ளிப்பிள்ளைகளுக்கு மட்டும் வந்த சோதனை அன்று போலும்.

412இல் எழுதிய ஒரு நூலில் அகுஸ்தீன் இதை இன்னும் உள்ளே கொண்டுபோகிறார். தண்டனைக்கு அஞ்சி ஒருவன் கட்டளையைக் கடைப்பிடிக்கிறான். தண்டனை இல்லையென்றால் செய்திருக்க மாட்டான். கை சரியாகத்தான் செய்தது, விருப்பம் வேறிடத்தில் இருக்கிறது. அருள் என்பது வெளியிலிருந்து தரும் ஊக்கமோ, கணக்கில் ஏற்றும் மதிப்பெண்ணோ அன்று. எது நல்லதோ அதுவே இனிக்கும்படி மனத்தின் சுவையை மாற்றுவது. தூய ஆவியின் வழியாக அன்பு நம் உள்ளங்களில் பொழியப்படுகிறது என்ற உரோமையர் 5:5ஐ அவர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார் என்று எண்ணி முடியாது. பெலாஜியுஸ் கேட்டது, உன்னால் செய்ய முடியுமா என்று. அகுஸ்தீன் கேட்டது, செய்யும்போது உன் விருப்பம் எங்கே இருந்தது என்று.

இதைப் படித்துவிட்டு, அந்த ஆறு ஆண்டுகள் வீண் என்று நீங்கள் முடிவுசெய்துவிடக் கூடாது. 415இல் பெலாஜியுஸுக்கு மறுப்பாக எழுதிய நூலில் அகுஸ்தீன், கள்வரால் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் உவமையை எடுக்கிறார். பெலாஜியுஸ் பேசுவது காயமில்லாத மனிதனைப் பற்றி. வழியில் குற்றுயிராய்க் கிடப்பவனிடம் நடக்கக் கால் இருக்கிறதே என்று சொல்வதால் என்ன பயன் என்பது அவர் கேள்வியின் சாரம். ஆனால் அதே இடத்தில், இயலாததை இறைவன் கட்டளையிடுவதில்லை, கட்டளையிடும்போது உன்னால் முடிந்ததைச் செய்யவும் முடியாததைக் கேட்கவும் தூண்டுகிறார் என்றும் எழுதினார். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்துப் பொதுச்சங்கம் ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்ட சொற்கள் இவை. முடிந்ததை, அதாவது துணி மாற்றுவதையும் கஞ்சி ஊட்டுவதையும், நீங்கள் செய்தீர்கள். முடியாததை, அதாவது அதை விரும்பிச் செய்வதை, கேட்டீர்களா என்பது எனக்குத் தெரியாது. குணமாகிக்கொண்டிருப்பவன் நொண்டித்தான் நடப்பான். நொண்டுகிறான் என்பதற்காக அவன் நடக்கவில்லை என்று அகுஸ்தீன் எங்கும் சொல்லவில்லை. உறவினர் பேச்சைப் பற்றிய அச்சமும் கலந்திருந்தது என்றீர்கள். பத்தாம் பகுதியிலேயே இன்னும் சில பக்கங்கள் தள்ளிப் படியுங்கள்: பிறர் புகழும்போது தமக்கு உண்டாகும் மகிழ்ச்சி அவர்கள் பொருட்டா, தம் பொருட்டா என்று தமக்கே தெரியவில்லை என்று ஹிப்போவின் ஆயர் ஒப்புக்கொள்கிறார்.

நல்வாழ்வு எது என்றும் கேட்டிருந்தீர்கள். திருமுழுக்குப் பெறுவதற்கு முன், 386 நவம்பர் 13ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, மிலானுக்கு அருகிலிருந்த காசிசியாக்கும் பண்ணைவீட்டில் அகுஸ்தீன் வீட்டாரையும் நண்பர்களையும் கூட்டிவைத்து இதைத்தான் விவாதித்தார். விரும்பியதைப் பெற்றவன் எல்லாம் மகிழ்ச்சியுள்ளவனா என்று அவர் கேட்க, கல்வி கற்காத தாய் மோனிக்கா சட்டென்று விடை சொன்னார்: நல்லதை விரும்பி அதைப் பெற்றால் மகிழ்ச்சியுள்ளவன், தீயதை விரும்பினால், பெற்றாலும் இரங்கத்தக்கவன். அம்மா, நீங்கள் மெய்யியலின் கோட்டையையே பிடித்துவிட்டீர்கள் என்றார் மகன். அகுஸ்தீன் பிற்காலத்தில் நற்பண்பை ‘அன்பின் ஒழுங்கு’ என்று வரையறுத்ததற்கு விதை அந்த விடையில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் முதுமையில் தம் நூல்களைத் தாமே திருத்தி எழுதியபோது, இம்மையிலேயே ஞானியின் உள்ளத்தில் மகிழ்வாழ்வு உண்டு என்று அன்று எழுதியதற்காக வருந்தினார். உடல் நோகும் வரை, விருப்பம் இரண்டாகப் பிளந்து கிடக்கும் வரை, அது நம்பிக்கையில் மட்டுமே நம்முடையது என்பது அவருடைய இறுதி நிலை.

நெய்தல் எழுதியது:

மனத்தின் சுவையை மாற்றுவது என்ற விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் அச்சுவையைச் சிலருக்கு மட்டும் மாற்றி மற்றவர்களை விட்டுவிடுவது ஏன் என்று கேட்டால், இறைவனின் தீர்ப்புகள் ஆராய முடியாதவை என்று பவுலின் சொற்களைக் காட்டி அகுஸ்தீன் வாயை மூடிக்கொள்கிறார். அந்த இடத்தில் நான் காசியனின் வயலுக்குத்தான் போவேன்.

மழைமறைவு எழுதியது:

தாராளமாக வாருங்கள். சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: இன்று நாம் அருள் என்கிறோம், சீர்திருத்தச் சபையினர் கிருபை என்கிறார்கள். பழைய கத்தோலிக்கச் செபத்தில் இதே இடத்தில் ‘பிரியதத்தம்’ என்று இருந்தது. தத்தம் என்றால் கொடை. பிரியத்தோடு தரப்பட்ட கொடை என்றும், பிரியத்தையே கொடையாகத் தந்தது என்றும் அதை இருவகையாக விரிக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டாவது விரிவு பழைய ஏடு அவர்களுக்கு உவப்பாக இருக்கும்.

திண்ணைவாசகி எழுதியது:

அந்தச் சொல்லுக்குப் பொருள் இன்றுதான் தெரிந்துகொண்டேன். கோவிலில் எல்லாரும் ‘அருள் நிறைந்த மரியே’ என்று மாற்றிக்கொண்ட பிறகும், என் மாமியார் கடைசி வரை ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்றுதான் செபமாலை சொன்னார். மாலையில் அவர் படுக்கையிலிருந்து முதற்பாதியைச் சொல்ல, நான் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே மறுபாதியைச் சொல்லி முடிப்பேன், பெரும்பாலும் எரிச்சலோடுதான். அடுத்த வாரம் பத்தாம் பகுதியை மீண்டும் முதலிலிருந்து வாசிக்கலாம் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன்.